புதிய திருத்தந்தை வந்துவிட்டார், இனி நாம் என்ன செய்யலாம்?

2025 மே 8 மாலை, வத்திக்கானில் கர்தினால்கள் கூடி வாக்களிக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தின் புகைபோக்கியில், புதிய திருத்தந்தை (போப்) தேர்வானதற்கு அடையாளமான வெள்ளைப் புகை வந்ததிலிருந்து என் போன் ஓயவே இல்லை. கர்தினால் ராபர்ட் பிரான்சிஸ் பிரிவோஸ்ட், இனி திருத்தந்தை பதினான்காம் லியோ என்று அறிவித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்த செய்திகளில் பாதி "இவர் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி, மீதிப் பாதி அவருடைய பழைய எக்ஸ் பதிவுகளைத் தோண்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள். பேதுரு பேராலய மாடத்தில் நின்று அவர் என்ன பேசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் லியோவுக்கு முந்தைய திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல் தேர்வானபோது நானும் இதையேதான் செய்தேன், பெயர் கேட்டதும் செபிக்காமல் தேடுபொறியைத் திறந்தேன்.

அந்த அனுபவத்திலிருந்தும், அப்புறம் சில வருடங்கள் மறைக்கல்வி வகுப்பில் இதைப் பற்றிப் பேசிப் பேசித் தெளிந்ததிலிருந்தும் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கருத்து உருவாவதற்கு முன்னால் செபம் உருவாகட்டும். லியோவுக்கு இது பொருந்தும், அவருக்குப் பின் வரப்போகிறவருக்கும் பொருந்தும்.

முதல் மாலை

வெள்ளைப் புகை வந்த பிறகு பெயர் தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். தொலைக்காட்சியில் அந்த நேரம் முழுவதும் ஊகங்கள்தான் ஓடும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த ஒரு மணி நேரத்தை வேறு மாதிரி செலவழிப்பீர்கள்.

மூன்றில் இரண்டு பங்கு வாக்கு ஒருவருக்கு விழுந்ததும் (2025-ல் 133 கர்தினால்கள் வாக்களித்தார்கள், அதனால் 89 வாக்குகள் தேவைப்பட்டன) அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். தேர்வை ஏற்றுக்கொள்கிறீர்களா, எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள். அவர் ஏற்றுக்கொண்டதும் பக்கத்திலிருக்கும் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போவார்கள். அதற்கு 'கண்ணீர் அறை' என்றே பெயர். யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாதே, அதனால் மூன்று அளவுகளில் வெள்ளை அங்கிகள் அங்கே தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் சிவப்பு உடையோடு உள்ளே போன மனிதர் அவற்றில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், அதோடு அவருடைய பழைய வாழ்க்கை முடிந்துவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பிப் போய் மேசையில் விட்டுவந்த புத்தகத்தை மூடிவைக்கிற சுதந்திரம்கூட இனி அவருக்குக் கிடையாது. அந்த அறையை நினைத்துப் பாருங்கள், செபம் தானாக வரும்.

அந்த ஒரு மணி நேரம் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களோடு ஒரு விண்ணகத் தந்தையே, ஒரு அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ் சொன்னால்கூடப் போதும், முடிந்தால் செபமாலையே சொல்லலாம். அவர் யார், எந்த நாடு, என்ன கருத்து உடையவர் என்று எதுவும் தெரியாமல் அவருக்காகச் செபிக்கிற வாய்ப்பு அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் உண்டு. பெயர் வந்த பிறகு நம் செபத்தில் நம் விருப்பு வெறுப்பும் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் செய்கிற செபம் எவ்வளவு சுத்தமானது!

அப்புறம் மாடத்து நிகழ்ச்சியை முழுசாகப் பாருங்கள், துண்டு வீடியோ வேண்டாம். 2013 மார்ச் 13 அன்று பிரான்சிஸ் "மாலை வணக்கம்" என்று எளிமையாகத் தொடங்கினார். மக்களுக்கு ஆசீர் தருவதற்கு முன் தனக்காகச் செபிக்கும்படி அவர்களைக் கேட்டு, தலை குனிந்து நின்றார். சதுக்கமே அமைதியானது. லியோ, உயிர்த்த ஆண்டவரின் வாழ்த்தையே எடுத்து "உங்கள் அனைவருக்கும் அமைதி உண்டாகுக" என்று தொடங்கினார். தான் புனித அகுஸ்தீனின் மகன், அதாவது அகுஸ்தீனார் சபைத் துறவி, என்று சொல்லி, "உங்களோடு நான் கிறிஸ்தவன், உங்களுக்காக நான் ஆயர்" என்ற அகுஸ்தீனாரின் வார்த்தையை நினைவுகூர்ந்தார். நடுவில் இத்தாலிய மொழியை விட்டு ஸ்பானிய மொழிக்கு மாறி, பெருவில் தான் ஆயராக இருந்த சிக்லாயோ மறைமாவட்டத்து மக்களை வாழ்த்தினார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து 'அருள் நிறைந்த மரியே' சொன்னார். அன்றைக்குப் பலரும் பேசியது என்னவோ அவர் சிவப்பு மேலங்கி அணிந்திருந்தார், பிரான்சிஸ் அணியவில்லை என்பதைத்தான். உடைக்கும் அர்த்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் பேசியதைக் கேட்பதற்கு முன்பே துணியை வைத்து எடைபோடுவது நியாயமாகாது.

மாடத்தில் அவர் தருகிற 'ஊருக்கும் உலகுக்கும்' ஆசீரை நேரலையில் பார்த்தோ வானொலியில் கேட்டோ பக்தியோடு பெற்றுக்கொள்பவர்களுக்கும் நிறைபலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) உண்டு. வழக்கமான நிபந்தனைகள்தான்: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபம், பாவத்தின் மீது பற்றில்லாத மனம். அந்த வாரத்திலேயே பாவசங்கீர்த்தனம் செய்ய இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

போனவரை மறக்க வேண்டியதில்லை

புதியவர் வந்த சந்தோஷத்தில் இதை யாரும் சொல்வதில்லை. பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21-ல், உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த நாள் இறந்தார். லியோ தேர்வானது அதிலிருந்து பதினேழாவது நாள். பன்னிரண்டு வருடங்கள் அப்பா என்று அழைத்தவருக்காகத் துக்கம் தீர அந்தப் பதினேழு நாள் எப்படிப் போதும்? புதியவரிடம் மனம் ஒட்டவில்லையே என்று நினைக்கிற பலருக்கு உண்மையில் இருப்பது அந்தத் தீராத துக்கம்தான். அதைத் துக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுங்கள். அந்த வருத்தத்தைப் புதியவர் மீது குற்றச்சாட்டாக மாற்றிவிடாதீர்கள்.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு திருப்பலி. திருத்தந்தை இல்லாத நாட்களில், திருப்பலியின் மையச் செபமான நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் சொல்லப்படுவதில்லை, நேராக ஆயரின் பெயருக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு வாரங்களும் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு படி தவறியது போல இருந்தது. தேர்வுக்குப் பின் வந்த ஞாயிறு, குருவானவர் "எங்கள் திருத்தந்தை" என்று தொடங்கி, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் "பி..." என்று வந்து, நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்து, "லியோ" என்றார். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழையவருக்காகவா, புதியவருக்காகவா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த இடத்தில் பெயரைக் குருவானவர் மட்டும் சொல்கிறார் என்று இருந்துவிடாதீர்கள், மனதுக்குள் நீங்களும் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பலியிலும் இதைச் செய்தால் சில மாதங்களில் அந்தப் பெயர் நம்முடையதாகிவிடும்.

முதலில் எதை வாசிப்பது

செய்தித் தலைப்புகளை வைத்து ஒரு திருத்தந்தையை அறிந்துகொள்ள முடியாது. மூன்று உரைகளை மட்டும் முதல் மாதத்தில் முழுதாக வாசியுங்கள்: மாடத்தில் பேசியது, மறுநாள் கர்தினால்களோடு நிறைவேற்றிய திருப்பலியின் மறையுரை, பணியேற்புத் திருப்பலியின் மறையுரை. மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேர வாசிப்புகூட இல்லை. வத்திக்கானின் அதிகாரபூர்வ தளத்தில் எல்லாம் கிடைக்கும், வத்திக்கான் செய்திகள் தமிழிலும் வருகிறது.

லியோ மே 9 மறையுரையில், திருச்சபையில் அதிகாரம் உள்ளவர் கிறிஸ்து நிலைத்திருக்கும்படி தான் மறைந்துபோக வேண்டும், அவர் அறியப்படும்படி தான் சிறியவராக வேண்டும் என்றார். மே 18-ல், தன் பணியின் அடையாளங்களான பல்லியமும் (தோளில் அணியும் கம்பளிப் பட்டை) மீனவர் மோதிரமும் பெற்ற பணியேற்புத் திருப்பலியில், எந்தத் தகுதியும் இல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டு, அச்சத்தோடும் நடுக்கத்தோடும் ஒரு சகோதரனாக உங்களிடம் வருகிறேன் என்றார். இதை வாசித்த பிறகு "எந்தப் பக்கம்?" என்ற கேள்வியைக் கேட்க எனக்கு வாயே வரவில்லை.

கையில் பென்சில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. பிடித்த வரியை எல்லாரும் கோடிடுவோம். நான் சொல்வது, உங்களை உறுத்துகிற வரியைக் கோடிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திரும்பப் பாருங்கள்.

பெயரையும் கவனியுங்கள். பிரிவோஸ்ட் லியோ என்ற பெயரை ஏன் எடுத்தார் என்று மே 10-ல் கர்தினால்களிடம் அவரே சொன்னார். பதின்மூன்றாம் லியோ 1891-ல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் (திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதம்) தொழிற்புரட்சிக் காலத்துத் தொழிலாளரின் நிலையைப் பற்றிப் பேசியது. இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் அதே மாதிரிக் கேள்விகளை எழுப்புகிறது என்றார். யார்யாரோ ஊகம் செய்தது எல்லாம் வேறு, அவர் வாயால் சொன்ன காரணம் இது.

அப்புறம் முதல் பெரிய ஆவணம் வரும் வரை பொறுமையாக இருங்கள். இரண்டாம் யோவான் பவுல் தேர்வான ஐந்தாவது மாதத்தில், 1979 மார்ச்சில், முதல் சுற்றுமடலை வெளியிட்டார். பிரான்சிஸ் பெயரில் 2013-ல் வந்த முதல் சுற்றுமடலைப் பெரும்பாலும் எழுதி வைத்திருந்தவர் பதினாறாம் பெனடிக்ட். லியோவின் முதல் பெரிய ஆவணமான, 2025 அக்டோபரில் வந்த, ஏழைகள் மீதான அன்பைப் பற்றிய அறிவுரை மடலைத் தொடங்கி வைத்தவர் பிரான்சிஸ். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பேனாவை எடுக்கிறார். இவரை வைத்து அவரையும் அவரை வைத்து இவரையும் அடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எல்லாப் பேச்சும் ஒரே எடை அல்ல

மறைக்கல்வி வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: திருத்தந்தை சொன்னால் அது தவறவே தவறாதா? தவறா வரம் என்பது 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூடிய பேரவை) வரையறுத்த, மிகக் குறுகிய எல்லை உள்ள ஒன்று. விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை முழு திருச்சபைக்குமாக இறுதியாக வரையறுத்து அறிவிக்கும்போதுதான் அது செயல்படும். அதன் பிறகு அப்படி நடந்தது 1950-ல், பன்னிரண்டாம் பயஸ் மரியாவின் விண்ணேற்பை அறிவித்தபோது.

அதற்காக மற்றதையெல்லாம் தள்ளிவிடலாம் என்று அர்த்தமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டின் 25-ஆம் எண்ணில், அப்படி வரையறுக்காமல் சொல்லும் போதனைக்கும் மனதாலும் அறிவாலும் சமயப் பணிவு காட்டக் கேட்கிறது. எவ்வளவு அழுத்தத்தோடு சொல்கிறார் என்பதை எப்படி அறிவது? அதையும் அங்கேயே சொல்கிறது: எந்த வகை ஆவணம், எத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார். விமானத்தில் பத்திரிகையாளரிடம் சொன்ன ஒரு பதிலும் ஒரு சுற்றுமடலும் ஒன்றல்ல. ஒரு செய்தி உங்களைக் கலக்கினால் முதலில் கேட்க வேண்டியது "இதை எங்கே, யாரிடம், எந்த வடிவத்தில் சொன்னார்?" என்பதுதான். பாதிக் கலக்கம் அங்கேயே அடங்கிவிடும்.

போலிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2023-ல் பிரான்சிஸ் பெரிய வெள்ளை ஜாக்கெட் அணிந்த படம் உலகத்தையே சுற்றியது, அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது. லியோ தேர்வான மாதமே, அவர் பேசாத பேச்சை அவர் குரலில் பேசுகிற போலி வீடியோக்கள் வந்து, வத்திக்கான் ஊடகமே எச்சரிக்க வேண்டியிருந்தது. வத்திக்கான் தளத்தில் இல்லாத உரையைப் பகிராதீர்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே பகிர்ந்துவிட்டால் அதே குழுவில் "நான் அனுப்பியது பொய்" என்று எழுதுங்கள், அழித்துவிட்டுப் போவது போதாது.

'இவர்தான் கடைசித் திருத்தந்தை' என்று ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்புகிற மலாக்கியின் தீர்க்கதரிசனமும் இந்த வகைதான். 12-ஆம் நூற்றாண்டுப் புனிதர் பெயரில் உலவும் அந்த 112 வரிகள் அச்சில் முதலில் வந்ததே 1595-ல். வயதானவர்கள் அதைப் படித்துப் பயப்படுகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாமல் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

மனம் ஒட்டவில்லை என்றால்

உண்மையில் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இதுதான். ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் ஒரு கூட்டம் உடைந்துபோகிறது. 2005-லும், 2013-லும், 2025-லும் உடைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், வலி ஒன்றுதான். "தூய ஆவியார் தேர்ந்தெடுத்தவரை எனக்குப் பிடிக்கவில்லை என்றால் என் விசுவாசத்தில் கோளாறா?" என்று ஒருவர் என்னிடம் கண் கலங்கிக் கேட்டார்.

கோளாறு இல்லை. பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கரிடம் 1997-ல் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சியில் இதைக் கேட்டபோது, தூய ஆவியார் நேரடியாக ஆளைத் தேர்ந்தெடுக்கிறார் என்ற பொருளில் தான் சொல்ல மாட்டேன் என்றார். அவர் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார் என்று தெளிவாகத் தெரிகிற திருத்தந்தையர் வரலாற்றில் உண்டு என்றும், எல்லாமே அழிந்துபோகாது என்பதுதான் நமக்குள்ள உறுதி என்றும் சொன்னார். நாம் நம்புவது ஆண்டவர் தம் திருச்சபையைக் கைவிட மாட்டார் என்பதை. அதற்கு நமக்குப் பிடித்தவர் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் தலைவரான பேதுருவே மூன்று முறை மறுதலித்தவர், அந்தியோக்கியாவில் பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்ததைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது.

முரண்படவும் ஒரு வழி உண்டு. புனித சியன்னா கத்தரீனைப் பாருங்கள். திருத்தந்தை பதினோராம் கிரகோரி ரோமில் இல்லாமல், இன்றைய பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் இருந்த காலம் அது. ரோமுக்குத் திரும்பி வாருங்கள், பயப்படாதீர்கள் என்று கத்தரீன் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். கடுமையான கடிதங்கள். அவற்றிலேயே அவரை "அப்பா" என்றும் அழைத்தார். 1376-ல் நேரிலும் போனார். 1377 ஜனவரியில் கிரகோரி ரோமுக்கு வந்து சேர்ந்தார். கத்தரீன் ஊர் ஊராகப் போய் அவரைத் தூற்றவில்லை, சொல்ல வேண்டியதை அவருக்கே எழுதினார்.

திருச்சபைச் சட்டம் 212-உம் இதைத்தான் சொல்கிறது. தங்கள் அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்ப, திருச்சபையின் நன்மைக்கானதை ஆயர்களிடம் எடுத்துச் சொல்ல இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில நேரம் கடமையும் உண்டு, மரியாதையோடு. நான் எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு என்னவென்றால், ஒரு ஆவணத்தை முழுதாக வாசிக்காமல் அதைக் குறை சொல்வதில்லை. குறை சொல்கிற நாளில் அவருக்காகச் செபமாலையின் பத்து மணிகளாவது சொல்லாமல் படுப்பதில்லை. பிள்ளைகள் முன்னால் திருத்தந்தையை ஏளனமாகப் பேசுவதே இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம், ஏனென்றால் எதை விமர்சித்தோம் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், ஏளனம் மட்டும் அவர்களிடம் தங்கிவிடும்.

காலமும் கொடுங்கள். 1958-ல் இருபத்து மூன்றாம் யோவான் தேர்வானபோது வயது 76, சில வருடம் இருந்துவிட்டுப் போவார் என்றுதான் பலர் நினைத்தார்கள். மூன்றே மாதத்தில், 1959 ஜனவரி 25-ல், ஒரு பொதுச்சங்கத்தைக் கூட்டப்போவதாக அறிவித்தார், அதுதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

'நம்ம ஆள் வந்துவிட்டார்' என்று மகிழ்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பங்கில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அன்று துக்கத்தில் இருக்கலாம். வெற்றிக் கூச்சல் போடாதீர்கள். அடுத்த தேர்வில் அந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

ஓராண்டுக்கு

முதல் வாரத்து ஆர்வம் வடிந்த பிறகு என்ன செய்வது? திருத்தந்தை ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செபக் கருத்தைக் கொடுக்கிறார். 1844-ல் பிரான்சில் இயேசு சபை மாணவர்களிடம் தொடங்கிய செபத் திருத்தூதுப்பணி இயக்கம்தான் இன்று உலகளாவிய செப வலையமைப்பாக அதைக் கொண்டுசெல்கிறது. அந்த மாதக் கருத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் செபிக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். மாதம் மாறும்போது தாளை மாற்றுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிப்ரவரி 22, பேதுருவின் தலைமைப்பீடத் திருவிழா. ஜூன் 29, பேதுரு பவுல் பெருவிழா, அதையொட்டித்தான் திருத்தந்தையின் பிறரன்புப் பணிகளுக்காகப் 'பேதுருவின் காசு' காணிக்கை எடுக்கப்படுகிறது. இரண்டையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஜூன் 29 திருப்பலியின் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 12. பேதுரு சிறையில் இருக்கிறார், திருச்சபை அவருக்காக உருக்கமாக மன்றாடுகிறது, வானதூதர் வந்து அவரை விடுவிக்கிறார். வாசகம் பதினோராம் வசனத்தோடு நின்றுவிடும். அன்று மாலை வீட்டில் விவிலியத்தை எடுத்து மிச்சத்தையும் வாசியுங்கள். விடுதலையான பேதுரு அவர்கள் செபித்துக்கொண்டிருந்த வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறார். ரோதி என்ற பணிப்பெண் குரலை அடையாளம் கண்டு, மகிழ்ச்சியில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். பேதுருதான் வந்திருக்கிறார் என்கிறாள். அவருக்காகவே செபித்துக்கொண்டிருந்தவர்கள் "உனக்குப் பைத்தியமா?" என்கிறார்கள். பேதுரு இன்னும் வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.